பன்னிரண்டு பெட்டித் தேனுக்கு அக்மார்க் வேண்டுமா, பதிவு போதுமா?

வீட்டுக்குப் பின்னால் ரப்பர் மரங்களுக்கு இடையே பன்னிரண்டு பெட்டிகள் வைத்திருக்கிறேன். எல்லாம் இந்தியத் தேனீ. சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சியதை பாட்டிலில் அடைத்து விற்கலாம் என்று இறங்கியபோது, உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு மட்டும் போதுமா, விளைபொருள்களுக்கான அரசுத் தர முத்திரையான அக்மார்க்கும் வாங்குவதா என்ற கேள்வி வந்தது. பதிவோடு நின்றுகொண்டேன். இப்போதும் அதே பக்கம்தான் சாய்கிறேன்.

சிலர் இரண்டையும் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்று என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டம் பாட்டிலில் அடைத்து விற்கும் எல்லோருக்கும் கட்டாயம். 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வரும் அக்மார்க், தேனைப் பொறுத்தவரை விரும்பினால் எடுத்துக்கொள்வது. அக்மார்க் எடுத்தாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும்.

பதிவு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நான் எடுத்தபோது ஆண்டு விற்றுமுதல் 12 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு வருடத்துக்கு 100 ரூபாய் கட்டணம். அடையாள அட்டை, புகைப்படம், முகவரிச் சான்று, ஆன்லைன் விண்ணப்பம், 14 இலக்க எண். அதை லேபிளில் போட வேண்டும். பலர் கோட்டை விடுவது வேறொன்றை: பொட்டலம் போட்டு விற்பவர் எடையளவுச் சட்டத்தின் கீழும் தனியாகப் பதிய வேண்டும். தமிழ்நாட்டில் அது தொழிலாளர் துறையின் கையில் இருக்கிறது. (லேபிளில் சைவத்துக்கான பச்சைப் புள்ளியா, அசைவத்துக்கான பழுப்பா என்று நானும் குழம்பினேன். அசைவத்துக்கான விளக்கத்திலேயே தேனுக்கு விலக்கு உண்டு; பச்சைதான்.)

அக்மார்க்குக்கு அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும். சொந்த ஆய்வகம் இல்லாவிட்டால் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தோடு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு லாட்டையும், அதாவது ஒரே தன்மையுள்ள ஒவ்வொரு சரக்குத் தொகுதியையும், சோதித்துத் தரம் பிரித்து, பதிவேடு வைத்து, கணக்கு காட்ட வேண்டும். நான் விசாரித்ததோடு சரி, வைத்திருந்து பார்த்ததில்லை. அதனால் ஆய்வாளர் வருகை, தாமதம் பற்றியெல்லாம் என் சொல்லை நம்ப வேண்டாம்.

என்னை முடிவெடுக்க வைத்தது அந்த ‘லாட்’ என்ற ஒரே சொல்தான்.

எங்கள் பக்கம் தேன் வரத்து ஜனவரியில் ரப்பர் துளிர்க்கும்போது தொடங்கி ஏப்ரல் வரை போகும். அதற்குள் ஐந்தாறு முறை பிழிகிறேன். ஒரு தடவைக்குப் பதினைந்து, இருபது கிலோ தேறும். ஒவ்வொரு தடவையும் தேன் ஒரே மாதிரி இருக்காது. வெயில் காய்ந்த வாரத்தில் கெட்டியாகவும், இடையில் ஒரு மழை விழுந்தால் தண்ணீராகவும் வரும். நேர்மையாகப் பார்த்தால் ஒவ்வொரு பிழிவும் ஒரு லாட். பதினைந்து கிலோவுக்கு ஒருமுறை ஆய்வகச் செலவு என்றால் கட்டுப்படியாகாது. எல்லாவற்றையும் ஒரே கேனில் ஊற்றி ஒரே லாட் ஆக்கலாம், செய்கிறவர்களும் உண்டு. ஆனால் ஒரு வாளி ஈரத் தேன் மொத்தக் கேனையும் கெடுத்துவிடும்.

அந்த அனுபவம் எனக்கு முதல் வருடமே கிடைத்தது. தேனீக்கள் இன்னும் மெழுகால் மூடாத, ஈரம் வற்றாத அடைகளையும் அவசரப்பட்டுப் பிழிந்தேன். இரண்டு மாதத்தில் பாட்டில்கள் நுரைத்து, மூடியைத் திறந்தால் புளிப்பு வாடை. சட்டப்படி ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. என் தேன் 23 காட்டியது. சூடாக்கி வற்ற வைக்கலாம் என்றார்கள். சூடேறினால் எச்.எம்.எஃப். என்ற பொருள் கூடும், அதற்கும் கிலோவுக்கு 80 மில்லிகிராம் என்று உச்சவரம்பு உண்டு. ஒன்றிலிருந்து தப்பினால் மற்றொன்றில் மாட்ட வேண்டியதுதான்.

பதிவு மட்டும் வைத்திருப்பவருக்கு இந்த வரம்புகளில் சலுகை எதுவும் கிடையாது. மாதிரி எடுத்தால் பெரிய கம்பெனிக்குள்ள அதே தரப் பட்டியல்தான். வித்தியாசம், எப்போது எதைச் சோதிப்பது என்பதை நானே வகுத்துக்கொள்ள முடிகிறது. ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்கி, வாளிக்கு வாளி ஈரம் பார்க்கிறேன். 20-க்கு மேல் காட்டினால் அது வீட்டுச் செலவுக்கு. அடையில் முக்கால் பங்காவது மூடாமல் பெட்டியைத் தொடுவதில்லை. சீசனுக்கு ஒருமுறை, விற்கப்போகும் தேனில் ஒரு மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புகிறேன்.

இதில் உள்ள ஓட்டையையும் சொல்லிவிடுகிறேன். அந்த 14 இலக்க எண் நான் யார் என்று காட்டுமே தவிர, தேன் எப்படி என்று காட்டாது. தேன் உறைந்தால் “சர்க்கரைப் பாகா?” என்று கேட்கிறவரிடம் அந்த எண்ணை நீட்டிப் பயனில்லை. அக்மார்க் முத்திரைக்கு அங்கே மதிப்பு அதிகம். தெரியாத ஊரில் கடைக்குச் சரக்கு போடுகிறவருக்கு அது லாபம்தான். இன்னொன்று, ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதல்ல, துளிர் இலைக்காம்பில் சுரப்பது. அதனால் மகரந்தம் குறைவு. தரப் பட்டியலில் மகரந்த எண்ணிக்கையும் இருப்பதால், அக்மார்க்கோ பதிவோ, ரப்பர் தேன்காரர் முதல் ஆய்வறிக்கையில் அந்த வரியைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வழி, கூட்டுறவுச் சங்கத்துக்கு மொத்தமாக ஊற்றிவிடுவது. லேபிள் வேலை இல்லை, தலைவலி இல்லை, பாட்டிலில் விற்றால் கிடைக்கும் விலையும் இல்லை.

இப்போது பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலு பேர், சேர்ந்து அக்மார்க் எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். எல்லாரும் சேர்ந்தால் எண்பது பெட்டி வரும். லாட் கணக்கு அப்போது மாறிவிடும். சரி என்று தலையாட்டும் முன், வருகிற சீசனில் அவர்கள் வாளிகளையும் என் மீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.