குமரி மனிதர்களை அறிய நாளிதழா, வாழ்க்கை வரலாறா?

குமரியைத் தமிழ்நாட்டோடு இணைக்கப் போராடிய தலைவர் மார்ஷல் நேசமணியை எடுத்துக்கொள்வோம். 1895-இல் பிறப்பு, நாகர்கோவிலில் வக்கீல் தொழில், திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், 1968-இல் மறைவு என்று வாழ்க்கை வரலாற்று நூல் நேராகக் கொண்டுபோய்விடும். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூடு, 1956 நவம்பர் 1 அன்று நடந்த இணைப்புக்கான ஒரு படியாக அதில் தெரியும். அன்றைய நாளிதழுக்கோ 1956 தெரியாது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டுப் பக்கம் போகுமா, கேரளப் பக்கம் போகுமா என்று யாருக்கும் தெரியாத பதற்றம் அந்தப் பக்கங்களில் அப்படியே இருக்கும். அதனால்தான் போராட்டக் காலத்துக்கு என் ஓட்டு நாளிதழுக்கே.

ஆனால் நாளிதழ் சார்பு எடுக்கும். நாகர்கோவில் வடிவீஸ்வரத்துக்காரரான டி.வி.ராமசுப்பையர் 1951-இல் திருவனந்தபுரத்தில் தினமலரைத் தொடங்கியபோது, தமிழ்ப் பகுதிகளின் இணைப்புக்காகவே குரல் கொடுத்தார். எனவே அதே வாரத்து மலையாள நாளிதழையும் பார்த்துவிடுவது நல்லது.

தேரூர் கவிமணிக்கு நூல்தான் சரி. பள்ளி ஆசிரியராகவும், கல்வெட்டு வாசிப்பவராகவும் அவர் கழித்த அமைதியான வருடங்கள் செய்தியாகாதவை. பூதப்பாண்டியில் பிறந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவாவுக்கு இரண்டுமே வேண்டும்; 1937-இல் ஜனசக்தி இதழைத் தொடங்கிய அவருக்குப் பத்திரிகையே வாழ்க்கையாக இருந்தது.

அப்புறம், நூலே எழுதப்படாதவர்கள் இருக்கிறார்கள்: ஊர்த் தலைமையாசிரியர், நாட்டு வைத்தியர், வில்லுப்பாட்டுக் கலைஞர். இவர்களுக்கு உள்ளூர்ப் பதிப்பின் நினைவஞ்சலிக் கட்டம்தான் ஆவணம். பெயர், ஊர், தேதி, ஒரு சின்னப் படம். வெட்டி எடுத்து, பின்பக்கம் நாளிதழின் தேதியையும் எழுதி வையுங்கள்.