20 அங்குலம் என்று விற்றார்கள், வந்தது 16½: டாலர் சங்கிலி வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

இணையத்தில் டாலர் வைத்த சங்கிலி வாங்க இருப்பவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். "நீளம் 20 அங்குலம்" என்று எழுதியிருக்கும் இடத்தில், எங்கிருந்து எதுவரை அளந்த 20 என்று சொல்லவில்லையென்றால் அந்த எண்ணை நம்பாதீர்கள். நான் வாங்கிய கடை, டாலரின் உயரத்தையும் பின்கழுத்தில் தொங்கும் துண்டுச் சங்கிலியையும் கூட்டிச் சேர்த்துத்தான் 20 என்று போட்டிருக்கிறது. கழுத்தைச் சுற்றும் சங்கிலி வெறும் 16½ அங்குலம். கேட்டபோது, "அப்படித்தான் அளப்போம்" என்றார்கள். திருப்பி எடுத்துக்கொள்ளவும் மறுத்துவிட்டார்கள்.

3½ அங்குலம் குறைந்ததற்கு இவ்வளவு ஆத்திரமா என்று தோன்றலாம். வாங்கியது என் அக்காவுக்காக. அவளுக்குத் தைராய்டு அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. கழுத்தின் அடியில், காரையெலும்புகளுக்குச் சற்று மேலே, குறுக்காக ஒரு தழும்பு. புண் ஆறிவிட்டது, ஆனால் அந்த இடத்தில் உலோகம் உரசினால் இன்னும் எரிகிறது என்கிறாள். அதனால் கழுத்தில் எதையும் போடாமலே இருந்தாள். தழும்பைத் தொடாமல் நன்றாக இறங்கி நிற்கும் ஒரு சங்கிலி கிடைத்தால் போட்டுக்கொள்வேன் என்று அவளே ஆசையாகச் சொன்னதால்தான் தேடினேன். நூலை அவள் கழுத்தில் போட்டு, நடுவில் ஒரு சாவியைக் கோத்துத் தொங்கவிட்டு, கண்ணாடி முன் நிற்கவைத்து, சங்கிலி தழும்பை விட்டு விலகி விழும் இடம் பார்த்து முடிச்சிட்டேன். நூலைப் பிரித்து அளந்தால் 20 அங்குலம். அதாவது 51 சென்டிமீட்டருக்கு இம்மி குறைவு. அந்தக் கடையில் 16, 18, 20 என்று மூன்று நீளங்கள் இருந்தன. 20ஐத் தேர்ந்தெடுத்தேன். வெள்ளியில் தங்க முலாம் பூசியது, சிறிய வட்ட டாலர்.

பெட்டியைத் திறந்து கழுத்தில் மாட்டியதுமே தெரிந்துவிட்டது. சங்கிலி நேராகத் தழும்பின் மேல் படிந்தது. அக்கா எதுவும் சொல்லாமல் விரலை உள்ளே நுழைத்துச் சங்கிலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். கழற்றி, கொக்கியைத் திறந்து, மேசையில் நேராக நீட்டி, பக்கத்தில் டேப்பை வைத்தேன். கொக்கி உட்பட 16½ அங்குலம். பின்னால் தொங்கிய துண்டுச் சங்கிலி 2 அங்குலம். டாலர், அதன் மேல் வளையத்திலிருந்து அடிவரை, 1½ அங்குலம். கூட்டினால் சரியாக 20. அளவு தவறிவிட்டது என்று சொல்ல வழியே இல்லை. கணக்குப் போட்டு எழுதிய எண் அது.

கடையின் முதல் பதில்: "மேடம், துண்டுச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் கொக்கியை மாட்டுங்கள், நீளம் வந்துவிடும்." மாட்டினேன். அப்போதும் 18½தான், அப்போதும் தழும்பின் கீழ் ஓரத்தை உரசியது. அதோடு, அந்தத் துண்டைச் சங்கிலியுடன் இணைத்திருந்த வளையம் பற்றவைக்கப்படாதது. கம்பியை வளைத்து நுனிகளைச் சும்மா சேர்த்து வைத்திருந்தார்கள். டாலரின் கனம் இழுத்து அது மெல்ல வாய் திறந்து, அக்கா குனிந்தபோது சங்கிலி நழுவி மடியில் விழுந்தது. வீட்டுக்குள் விழுந்ததால் கிடைத்தது.

"அனுப்புங்கள், நீட்டித் தருகிறோம்" என்றார்கள் அடுத்து. இதற்கு யாரும் சம்மதிக்காதீர்கள். திரும்பி வந்த சங்கிலியில், ஒரு பக்கத்தில் மட்டும் வேறு வடிவக் கண்ணிகள் கொண்ட ஒரு துண்டைச் சேர்த்திருந்தார்கள். பற்றவைத்த இரண்டு இடங்களிலும் முலாம் கருகி, பழுப்பும் கறுப்புமாக இருந்தது. முலாம் பூசிய நகையில் நெருப்புப் பட்டால் பட்ட இடத்தில் முலாம் போய்விடும். பற்றவைத்த பிறகு மறுபடி பூசித்தான் கொடுக்க வேண்டும். அதைச் செய்யவில்லை. எல்லாவற்றையும்விடக் கொடுமை, ஓர் இணைப்பில் ஈயப் பொட்டுபோலத் திரண்டு நின்ற மேடு. டாலரின் வளையம் அதைத் தாண்டாது. டாலர் நடுவுக்கு வராமல் இடது பக்கமாகவே ஒதுங்கி நின்றது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, "விட்டுவிடு, எனக்காக நீ யாரோடும் மல்லுக்கு நிற்க வேண்டாம்" என்றாள். நான் விடுவதாக இல்லை.

பணத்தைக் கேட்டதற்கு, "வாடிக்கையாளர் சொன்ன அளவில் செய்த நகை, திரும்பப் பெற முடியாது" என்று பதில். அவர்கள் பட்டியலில் வைத்திருந்த மூன்று எண்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது எப்படிச் சொல்லிச் செய்த நகையாகும்? டேப்போடு எடுத்த படங்களை அனுப்பினேன். அதன்பிறகு பாதிப் பணம் தருகிறோம், நீங்கள் எழுதிய குறையை நீக்கிவிடுங்கள் என்றார்கள். மறுத்துவிட்டேன். அவர்கள் விற்பனைப் பக்கத்தில் இன்றைக்கும் அதே 20 அங்குலம் இருக்கிறது.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். அதே பக்கத்தில் 16, 18, 20 மூன்றுக்கும் ஒரே எடை போட்டிருக்கிறார்கள். ஒரே வடிவம், ஒரே பருமன் என்றால் நீளம் கூடக் கூட எடையும் அதே விகிதத்தில் கூடியாக வேண்டும். 16 அங்குலச் சங்கிலியைவிட 20 அங்குலச் சங்கிலி கால் பங்கு கனமாக இருக்கும். எடை மாறவில்லையென்றால் சங்கிலியும் மாறவில்லை. என் கையில் இருப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள்: சங்கிலி மட்டும் 16½, டாலரைச் சேர்த்தால் 18, பின்துண்டையும் சேர்த்தால் 20. ஒரே சங்கிலியை மூன்று நீளமாக விற்கிறார்கள் என்பது என் முடிவு. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அளந்து பார்க்க மாட்டார்கள் என்ற தைரியம்தான். நீங்கள் எங்கே வாங்கினாலும் எடையையும் நீளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏமாற்று அங்கேயே வெளுத்துவிடும்.

சங்கிலியின் நீளம் என்றால், கொக்கியைத் திறந்து நேராக நீட்டி, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை, கொக்கியோடு சேர்த்து அளப்பது. டாலர் அதில் சேராது. டாலர் எவ்வளவு தொங்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பின்துண்டு இருந்தால் "16, கூடுதல் 2" என்று பிரித்து எழுதுவதுதான் நேர்மை. வாங்கும் முன் கடைக்கு இந்தக் கேள்வியை எழுத்தில் அனுப்புங்கள்: "டாலரும் பின்துண்டும் இல்லாமல், கொக்கியை முதல் வளையத்தில் மாட்டினால் சங்கிலி எத்தனை அங்குலம்?" பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் சொல்வது பிறகு காற்றோடு போய்விடும். மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு கடை பாருங்கள்.

3½ அங்குலக் குறை கழுத்தில் என்ன செய்யும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இதில்தான் குழம்புகிறார்கள். சங்கிலி இரண்டு பக்கமாகப் பிரிந்து தொங்குகிறது. ஆகவே 2 அங்குலம் கூட்டினால் டாலர் ஏறத்தாழ 1 அங்குலம்தான் கீழே இறங்கும். எனக்குக் குறைந்த 3½ அங்குலத்தால் டாலர் ஏறக்குறைய 1¾ அங்குலம் மேலே ஏறிவிட்டது. "இன்னும் கொஞ்சம் இறங்கினால் போதும்" என்று நினைத்து 1 அங்குலம் நீளமானதை வாங்குகிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாமல் போவதும் இதனால்தான்.

கடைகள் சொல்லும் பெயர்களையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 14 முதல் 16 அங்குலம்வரை சோக்கர், 17 முதல் 19வரை பிரின்சஸ், 20 முதல் 24வரை மேட்டினி, 28 முதல் 36வரை ஓப்பரா என்று பொதுவாகச் சொல்வார்கள். கடைக்குக் கடை ஓர் அங்குலம் முன்பின் இருக்கும். எது எங்கே விழும் என்பது உங்கள் கழுத்துச் சுற்றளவைப் பொறுத்தது. 13 அங்குலக் கழுத்தில் தளர்வாக விழும் 16 அங்குலச் சங்கிலி, 15 அங்குலக் கழுத்தில் இறுக்கிப் பிடிக்கும். விளம்பரத்தில் மெல்லிய நீண்ட கழுத்துள்ள பெண் அணிந்திருக்கும் படத்தை வைத்து நீளம் முடிவு செய்தால் ஏமாற்றம் நிச்சயம். படத்தில் இருப்பது எந்த நீளம் என்றுகூடப் பல கடைகள் எழுதுவதில்லை.

நூலால் அளப்பதே நம்பகமான வழி. நூல் இழுத்தால் நீளாததாக இருக்க வேண்டும். கம்பளி நூல், எலாஸ்டிக் வேண்டாம். கனமில்லாத நூல் கழுத்தில் சரியாக விழாது என்பதால் டாலர் கனத்துக்கு ஏதாவது ஒன்றை நடுவில் கோத்துவிடுங்கள். எந்தக் கழுத்து வெட்டு உடைக்குப் போடப் போகிறீர்களோ அந்த உடையோடு நின்று பாருங்கள், உட்கார்ந்து பாருங்கள், குனிந்து பாருங்கள். பரிசாக வாங்குவதாக இருந்தால், அவர்கள் வழக்கமாகப் போடும் சங்கிலியைக் கேட்டு வாங்கி நீட்டி அளப்பது இன்னும் நல்லது.

மணி மாலை வாங்குகிறவர்களுக்கு வேறு ஒரு பொறி இருக்கிறது. மணி பருமனாக இருந்தால், மேசையில் நீட்டி அளந்த நீளம் கழுத்தில் கிடைக்காது. மணிகளின் உள்விளிம்புதான் கழுத்தைத் தொடுகிறது. 10 மில்லிமீட்டர் மணிகள் கோத்த 18 அங்குல மாலையில் உட்சுற்று 3 சென்டிமீட்டருக்கு மேல் குறைந்துவிடும். 17 அங்குலம்கூட இல்லாத மெல்லிய சங்கிலிபோலத்தான் உட்காரும். இதில் விற்பவர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை, ஆனால் சொல்லாமல் விடுகிறார்கள். முத்து மாலை பட்டு நூலில் கோத்ததென்றால், போடப் போட நூல் தளர்ந்து சற்று நீளும்.

இரண்டு நீளங்களுக்கு நடுவே தடுமாறினால் நீளமானதையே எடுங்கள். வளையக் கண்ணிச் சங்கிலியில் சில கண்ணிகளைக் கழற்றிக் குறைப்பது எளிது. அல்லது கொக்கியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு கண்ணியில் மாட்டிக்கொள்ளலாம், கண்ணி அகலமாக இருந்தால். நீட்டுவதென்றால் அதே வடிவம், அதே பருமன், அதே நிறம் கிடைக்க வேண்டும், முலாமும் புதிதாகப் பூச வேண்டும். பாம்புத்தோல்போல வழவழப்பாக வரும் சங்கிலி, உள்ளே கூடான முறுக்குச் சங்கிலி இரண்டையும் குறைப்பதுகூடச் சிரமம். அவற்றை அளவு உறுதியாகத் தெரியாமல் வாங்கவே வாங்காதீர்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு: சங்கிலி வந்ததும் கழுத்தில் மாட்டும் முன், அட்டையையும் முத்திரையையும் பிய்க்கும் முன், கொக்கியைத் திறந்து டேப்பின் பக்கத்தில் நீட்டி, இரண்டு முனைகளும் எண்களும் தெரியும்படி படம் எடுங்கள். பின்துண்டு தனியாக, டாலர் தனியாக ஒவ்வொரு படம். விளம்பரப் பக்கத்தையும் நீளமும் எடையும் தெரியப் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். புகார் போனதும் பக்கத்தை மாற்றிவிடுவார்கள். குறைந்திருந்தால் "நீட்டித் தாருங்கள்" என்று கேட்காதீர்கள், அவர்களே சொன்னாலும் அனுப்பாதீர்கள். அவர்கள் கைபட்ட பிறகு அது முதலில் அனுப்பிய பொருள் அல்ல என்றும் சொல்லித்தான் என் பணத்தை இன்றுவரை வைத்திருக்கிறார்கள். விளம்பரத்தில் சொன்ன நீளம் இல்லை, பொருளை எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் கொடுங்கள் என்று மட்டும் எழுதுங்கள்.