டிரெய்லர் பாய்மரப் படகு வாங்கப் போகிறவர்களே, முன்பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

பழைய படகுகளை வாங்கி விற்க உதவும் ஓர் இணையதளத்தில் படகின் விலையில் பாதியைப் பறிகொடுத்திருக்கிறோம். பெயர் சொல்லவில்லை. ஆனால் நடந்ததைச் சொல்லாமல் விடமாட்டேன்.

காருக்குப் பின்னால் இழுத்துப் போய், பகலில் ஓட்டிவிட்டு மாலையில் கரையேற்றக்கூடிய சின்னப் படகைத்தான் தேடினோம். விளம்பரத்தில் இருந்தது டே செயிலர் வகை. உஃபா ஃபாக்ஸும் ஜார்ஜ் ஓடேயும் வடிவமைத்து 1958 முதல் கட்டப்படும் ஃபைபர் படகு, 17 அடிக்குக் கொஞ்சம் குறைவு. குடும்பமே உட்காரலாம், சென்டர்போர்டை, அதாவது படகின் அடியில் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் பலகையை, மேலே தூக்கிவிட்டால் ஆழமில்லாத கரையிலும் இறக்கலாம். கற்றுக்கொள்பவர்களுக்கு அருமையான வடிவம், அதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை.

விற்றவர் ஒரு வீடியோ அனுப்பினார். அவர் மகள் சுக்கான் பிடித்திருக்கிறாள், பாய் காற்றில் நிறைந்து நிற்கிறது. "என் பொண்ணு இதிலதான் கத்துக்கிட்டா. கவிழ்ந்தாலும் மூழ்காது, உங்க பிள்ளைகளைத் தைரியமா உட்கார வைங்க" என்றார். பிள்ளைகளை வைத்து ஒருவர் பொய் சொல்வார் என்று யார் நினைப்பார்கள்? விளம்பரத்தின் மேல் 'பரிசோதிக்கப்பட்டது' என்று பச்சை முத்திரை வேறு. பாதி விலையைக் கட்டினோம்.

படகை எடுக்கப் போனபோது, பாய்மரம் ஊன்றும் இடத்தைச் சுற்றி மிதித்தால் மெத்தை போல அமுங்கியது. ஃபைபருக்கு உள்ளே இருக்கும் மரம் உளுத்துப் போயிருக்கிறது. மிதவை அறையின் மூடியைத் திறந்தால் தண்ணீர், ஃபோம் முழுக்க ஊறிக் கிடக்கிறது. கவிழ்ந்த படகை மிதக்க வைக்க வேண்டியதே அந்த அறைதான்! அதை நம்பித்தான் பிள்ளைகளை ஏற்றச் சொன்னாரா? இதற்கும் மேலே, வீடியோவில் பாயில் இருந்த எண் வேறு, பையிலிருந்து எடுத்த பாயில் இருந்த எண் வேறு. படகின் பின்பக்கம் பொறித்திருக்க வேண்டிய எண்ணைத் தேய்த்துப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். வீடியோவில் ஓடியது இந்தப் படகு என்று நம்ப எந்த வழியும் இல்லை.

வேண்டாம், பணத்தைக் கொடுங்கள் என்றேன். "பழைய படகுன்னா அப்படித்தான் சார் இருக்கும்" என்றார். மறுநாள் முதல் போனை எடுக்கவில்லை. இணையதளத்துக்கு எழுதினால், "நாங்கள் இரு தரப்பையும் இணைத்து வைப்பவர்கள் மட்டுமே" என்று பதில். அப்படியானால் அந்தப் பச்சை முத்திரை? படங்கள் தெளிவாக இருக்கின்றனவா என்று பார்த்ததற்காம்! படகையே யாரும் பார்க்கவில்லை. அடுத்து எழுதிய புகாரை, பதில் தராமலே 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டார்கள். என்ன தீர்ந்தது? பாதி விலை இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. படகை நேரில் பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள். மேல்தளம் முழுக்க மிதித்துப் பாருங்கள், தட்டிப் பாருங்கள். மொத்தென்று சத்தம் வந்தால் விட்டுவிடுங்கள். மிதவை அறையைத் திறக்கச் சொல்லுங்கள். பின்பக்க எண்ணும் ஆவணத்தில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். அப்புறம் டிரெய்லர்: சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றுங்கள், கரகரவென்றால் பேரிங் போய்விட்டது. டிரெய்லருக்குத் தனியாக ஆவணம் கேளுங்கள், எங்களுக்கு அதையும் காட்டவில்லை.