பழைய ரோசா வண்டியின் ஆட்டம் கண்ட கதவு: போல்ட் போட்டு ஓடிப் பார்த்த அனுபவம்

பழைய ரோசா பஸ்ஸை (மிட்சுபிஷியின் சின்ன பஸ்) வாங்கி, படுக்கை அடுப்பு எல்லாம் வைத்து வீடாக்கி ஓடுகிறவர்கள் கொழும்பில் கொஞ்சப் பேர்தான். அவர்களில் யாரைக் கேட்டாலும் கதவு தொங்குகிற கதை ஒன்று இருக்கும். எங்களுடைய வண்டியில் மடிப்புக் கதவைக் கழற்றிவிட்டு, வெளியே அலுமினியத் தகடும் உள்ளே பிளைவூட்டுமாக ஒற்றைக் கதவு போட்டிருக்கிறது. நிற்பது வெள்ளவத்தையில், மரைன் டிரைவுக்குப் பக்கத்தில், அதாவது உப்புக் காற்றுக்குள்ளேயே. கண்டி வீதி வளைவுகளில் கடகடவென்று அடிக்கத் தொடங்கிய கதவு, அப்புறம் பூட்டவே மறுத்தது.

இப்படியானால் எல்லோரும் முதலில் கைவைப்பது பூட்டுத் தகட்டில். அதைக் கொஞ்சம் இறக்கினால் கதவு பூட்டும், சரி, ஆனால் தொங்கல் நிற்காது. கதவின் பாரம் மேல் பிணைச்சலை வெளியே இழுக்கும், கீழ்ப் பிணைச்சலை உள்ளே அழுத்தும். அதனால் கழற்றிப் பார்க்க வேண்டியது மேலே உள்ளதைத்தான். பார்த்தால் பிணைச்சலில் ஒரு குறையும் இல்லை, நடுக்கம்பிகூட ஆடவில்லை. திருகாணிகள்தான் விரலால் இழுக்கவே கையோடு வந்தன. திருகாணி இறுக்கமாகப் பிடிக்கட்டும் என்று முன்பு வேலை செய்த கராஜ் துளைக்குள் திணித்திருந்த தீக்குச்சிகள் ஊறிக் கறுத்துத் தேயிலைச் சக்கை மாதிரிக் கிடந்தன.

தீக்குச்சி வைத்தியத்தை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். உள்ளே இருக்கிற அலுமாரிக் கதவுகளுக்குத் தேக்குக் குச்சி சீவி, அரல்டைட் பசை பூசி அடித்து, ஒரு நாள் காயவிட்டு, சின்னத் துளை போட்டுத் திருகாணி முறுக்கியது இன்றுவரை அசையவில்லை. வெளிக்கதவு வேறு விஷயம். அந்தப் பாரமும் ஓட்டத்தின் அதிர்வும் மழையும் சேர்ந்தால் மெல்லிய பிளைவூட்டில் திருகாணி எவ்வளவு நாளைக்குப் பிடிக்கும்? ஈர மரத்தில் அரல்டைட்டும் ஒழுங்காக ஒட்டாது.

அதனால் உளுத்த பகுதியை வெட்டி எடுத்து, காய்ந்த கெட்டி மரம் வைத்து, மறுபக்கம் வரை ஊடுருவிப் போகிற 6 மில்லிமீற்றர் போல்ட் போட்டோம். உள்பக்கம் 3 மில்லிமீற்றர் தகடு, அதிர்வில் கழராத நைலோன் நட். சாமான் எல்லாம் பழைய சோனகத் தெருவில் எடுத்தது. கடை நானா காந்தத்தை வைத்துக் காட்டிவிட்டு, “கடல் பக்கம் நிக்கிற வாகனம் என்டா 316 எடுங்க தம்பி” என்றார். 304, 316 என்பவை ஸ்டெயின்லெஸ் வகைகள், உப்புக்குக் கூடுதலாகத் தாங்குவது 316. காந்தம் முலாம் பூசிய இரும்பைத்தான் காட்டிக்கொடுக்கும், இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டாது. போல்டின் தலையில் ஏ4 என்று பொறித்திருந்தால் அது 316 வகை. பிணைச்சல்களை ஒவ்வொன்றாகத்தான் கழற்ற வேண்டும், அதுவும் கதவுக்கு அடியில் ஆப்பு வைத்துப் பாரத்தைத் தாங்கிய பிறகு. மச்சான் கதவைப் பிடித்தபடி முழு நேரமும் திட்டிக்கொண்டிருந்தான், அது வேறு.

அதன் பிறகு ஒரு தென்மேற்குப் பருவமழை முழுக்கப் பார்த்தாயிற்று, எல்ல, அறுகம்பை என்று ஓடியும் பார்த்தாயிற்று. கதவு ஒரு விரலால் தள்ளப் பூட்டுகிறது, மேல் இடைவெளி அப்படியே இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. கீழே ஒரு போல்டுக்கு நைலோன் வாஷர் போதவில்லை, அதைச் சுற்றி மட்டும் அலுமினியத்தில் வெள்ளைப் பொடி கட்டியிருக்கிறது. ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அரிபடுவது அலுமினியம்தான், ஆகவே இரண்டையும் பிரிக்கிற வாஷரும், ஈரம் புகாமல் அடைக்கிற சீலன்ட் பசையும் கட்டாயம். வெயில் படுகிற பக்கத்துச் சீலன்ட் வெடிக்கத் தொடங்கிவிட்டது, ஐப்பசி மழைக்கு முன் சுரண்டிப் புதிதாகப் பூச வேண்டும். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிற நட்டுகளில் அம்மாவின் சேலைத் தலைப்பு கொளுவுகிறது. அதற்குப் பிளாஸ்டிக் மூடி தேடுகிறேன், வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தையில் கேட்ட இடமெல்லாம் சக்கர நட்டுக்கான பெரிய மூடியைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.