விற்பனைக்கு முன் வீட்டைத் தயார் செய்து தரும் சேவை: மேற்கு மாம்பலத்து வீட்டில் கண்டது

மேற்கு மாம்பலத்தில் என் பெற்றோர் முப்பது ஆண்டுகள் குடியிருந்த அடுக்குமாடி வீட்டை விற்க முடிவு செய்தபோது, அதைச் சுத்தம் செய்து, வண்ணம் பூசி, வாங்க வருபவர்களுக்குக் காட்டும் நிலைக்குக் கொண்டுவரும் வேலை முழுவதையும் ஒரே நிறுவனத்திடம் ஒப்படைத்தோம். 1994-இல் கட்டப்பட்ட, 870 சதுர அடியும் இரண்டு படுக்கையறைகளும் கொண்ட வீடு அது. அவர்கள் வேலையில் மனதாரப் பாராட்ட வேண்டியவை பல உண்டு. கண்டிக்க வேண்டியது ஒன்று உண்டு. இத்தகைய சேவையை நாடுபவர்களுக்கு உதவப் போவது வேலையின் விவரம்தான் என்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்து எழுதுகிறேன்.

முதல் மூன்று நாட்கள் அவர்கள் பெயிண்ட் டப்பாவைத் திறக்கவே இல்லை. பரண்களில் இருந்த பித்தளை அண்டா, ஓடாத மிக்ஸிகள், கயிறு கட்டிய பழைய பாடப்புத்தகங்கள் எல்லாவற்றையும் கூடத்தில் இறக்கி வைத்து, எதை வைத்துக்கொள்வது, எதை யாருக்குக் கொடுப்பது, எதைப் பழைய பொருள் கடைக்குப் போடுவது என்று என் அம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். அவர் ஒரு தூக்குவாளியைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் பழைய கதை சொன்னபோதும் யாரும் அவசரப்படுத்தவில்லை. தலைவாசல் நிலையில் ஆண்டுக்கணக்காகப் படிந்திருந்த மஞ்சளையும் குங்குமத்தையும் துடைக்கும் முன்பும் அனுமதி கேட்டார்கள். கட்டணப் பட்டியலில் இடம்பெறாத இந்தப் பொறுமைக்காகவே அவர்களைப் பிறருக்குச் சொல்லத் தோன்றுகிறது.

தரை வேலை மிகச் சிறப்பாக அமைந்தது. பழைய மொசைக்கின் மேல் புதிய டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்று நாங்கள் சொன்னதை அவர்களே தடுத்தார்கள். டைல்ஸ் ஒட்டினால் தரைமட்டம் உயர்ந்து கதவுகளின் அடிப்பகுதியை அறுக்க வேண்டிவரும் என்று விளக்கிவிட்டு, சிறு துளைகளை வெள்ளை சிமெண்டுக் கரைசலால் அடைத்து, முரட்டுக் கல்லில் தொடங்கிப் படிப்படியாக நைசான கல் வரை இயந்திரத்தால் தேய்த்தார்கள். கறுப்பும் பழுப்புமான சிறு கல்துண்டுகள் தெளிவாகத் தெரியத் தொடங்கியபோது, நான் தவழ்ந்த தரையின் உண்மையான நிறத்தை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன். குளியலறையிலும் இதே கவனம் இருந்தது. ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்புக் கறையைக் கடும் அமிலம் ஊற்றி நீக்கினால் டைல்ஸ் இடுக்குகளில் உள்ள சிமெண்டும் சேர்ந்து அரித்துவிடும் என்பதால், மென்மையான கரைசலை ஒரு மூலையில் தடவிப் பார்த்த பிறகே மற்ற இடங்களுக்குப் போனார்கள்.

குறை சுவரில் வந்தது. குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில், தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை ஓதம் ஏறி, பெயிண்ட் உப்பி, விரல் வைத்தால் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. பொறுப்பாளர் அதைச் சுரண்டிவிட்டு, நீர்காப்புப் பூச்சும் சுவரைச் சமப்படுத்தும் புட்டியும் அடித்து, எமல்ஷன் பூசி, முன்னால் ஓர் அலமாரியை நிறுத்திவிடலாம், விற்கும் வரை தாங்கும் என்றார். நான் மறுத்தேன். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு, மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரண கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் வெளிப்படுத்தியாக வேண்டும் என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், வாழ்நாள் சேமிப்பைக் கொண்டுவந்து கொடுக்கும் ஒரு குடும்பத்திடம் ஈரச் சுவரை மறைத்து விற்பது தவறு என்பதே என் உறுதியான எண்ணம்.

நானே தனியாக ஒரு பிளம்பரை அழைத்துப் பார்த்ததில், குளியலறைத் தரையில் கழிவுநீர் இறங்கும் வாயான நஹானி டிராப்பின் இணைப்பு விட்டுப்போயிருந்தது தெரிந்தது. அதைப் பெயர்த்துச் சரிசெய்ய நான்கு நாட்களும், சுவர் காய மூன்று வாரங்களும் ஆயின. காய்ந்துவிட்டதா என்று அறிய எளிய வழி உண்டு. ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பார்த்தால், விடை தெரியும்: தாளின் உட்பக்கம் நீர்த்துளி கட்டியிருந்தால், சுவரில் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். இதைச் செய்து பார்க்காமல் எந்தச் சுவரிலும் பூச்சு வேலையைத் தொடங்க விடாதீர்கள்.

மொத்தக் கட்டணம் 1,24,700 ரூபாய். அதில் இரண்டு வார வாடகைக்கு வந்த சோபா, உணவு மேசை, செடிகள், திரைகளுக்கு மட்டும் 24,000 ரூபாய். இந்தச் செலவை நான் மறுபடி செய்யமாட்டேன். வந்த ஐந்து குடும்பங்களில் ஒருவரும் சோபாவில் உட்காரவில்லை. குழாயைத் திறந்து நீரின் வேகத்தைப் பார்த்தார்கள், சமையலறை எந்தத் திசை என்று கேட்டார்கள், அடுக்குமாடி நிற்கும் நிலத்தில் இந்த வீட்டுக்கு உரிய பிரிபடாத மனைப்பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். கூடத்தை இருமடங்கு பெரிதாகக் காட்டிய அகலக்கோணப் படங்களையும் திரும்ப எடுக்கச் சொன்னேன், மறுக்காமல் எடுத்துத் தந்தார்கள்.

தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, சொத்துவரி ரசீது, குடிநீர் வரி ரசீது ஆகியவற்றை வரிசைப்படுத்துவது இவர்கள் சேவையில் சேராது. அதை வேலை தொடங்கும் நாளிலேயே நீங்களாகத் தொடங்கிவிடுங்கள். எங்கள் கோப்பில் பிளம்பரின் ரசீதையும், பெயர்த்த தரையின் படங்களையும் சேர்த்து வைத்திருந்தேன். வீட்டை வாங்கிய அம்மையார் அவற்றைப் பார்த்துவிட்டு, அந்தப் பிளம்பரின் எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

ஆடியில் கிரயம் செய்யப் பலர் தயங்குவதால், அந்த மாதத்தை இந்த வேலைக்கு ஒதுக்கினால் ஆவணியில் வீட்டைக் காட்டலாம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் சுவர் காய்வது இழுத்துக்கொண்டே போகும்.