ஏரி, காடு, இடிந்த கோட்டை: ஃப்யூசென் பக்கம் ‘எளிய நடை’ பேக்கேஜ் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

ஜெர்மனியின் தென்கோடியில், பவேரியா மாநிலத்தில், ஆஸ்திரிய எல்லையை ஒட்டி இருக்கிறது ஃப்யூசென். அங்கே நடக்கப் போகிறவர்களுக்கு, குறிப்பாக ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை அழைத்துப் போகத் திட்டமிடுகிறவர்களுக்கு, இந்த எச்சரிக்கை.

மே மாதத் தொடக்கத்துக்கு நாங்கள் வாங்கிய பேக்கேஜின் விளம்பரம் சொன்னது: “எல்லா வயதினருக்கும் எளிய நடை. ஏரிக்கரை, காடு, கோட்டை இடிபாடுகள், படகுச் சவாரி, நொய்ஷ்வான்ஷ்டைன் மாளிகை. உள்ளூர்ப் பேருந்தும் நுழைவுக் கட்டணங்களும் சேர்த்தே.” கிடைத்தது தண்ணீர் இல்லாத ஏரி, முழங்கால் வலிக்காரர்கள் பாதியில் திரும்ப நேர்ந்த மலையேற்றம், வெளியிலிருந்து மட்டும் பார்த்த மாளிகை. போதாததற்கு, இலவசமாகக் கிடைப்பவற்றுக்கும் பணம் வாங்கியிருந்தார்கள். விற்ற நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. இதே சரக்கை இதே வார்த்தைகளில் யாரும் விற்கலாம் என்பதால், எதை எப்படிச் சரிபார்ப்பது என்பதைத்தான் விரிவாக எழுதுகிறோம்.

முதலில் ஏரி. ஃபோர்கன்சே பார்வைக்கு இயற்கை ஏரி போலத் தோன்றினாலும் அது நீர்த்தேக்கம். ரோஸ்ஹாப்டன் என்ற இடத்தில் லெஹ் ஆற்றை மறித்து அணை கட்டி, 1954இல் நிரப்பினார்கள். ஃபோர்கன் என்ற சிற்றூர் அதற்குள் மூழ்கியது. ஏரியின் பெயரே அந்த ஊரின் பெயர்தான். மின்சாரம் எடுப்பதோடு, ஆல்ப்ஸ் பனி உருகி வரும் வெள்ளத்தைத் தாங்குவதும் இந்த அணையின் வேலை. அதற்கு இடம் வேண்டும் என்பதால் ஒவ்வொரு குளிர்காலத்திலும் தண்ணீரை இறக்கிவிடுவார்கள். மீண்டும் நிறைந்து நிற்பது ஏறத்தாழ ஜூன் முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை. பயணிகள் படகும் அந்தக் காலத்தில் மட்டுமே ஓடும்.

மே தொடக்கத்தில் அங்கே போனால் பெரும்பகுதி சேறும் சரளையும்தான். படகுத்துறை தரைமேல் நிற்கும். ஏரி வருமுன் வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் வரிசையாகத் தெரியும். ரோமானியர் காலத்து வியா கிளாவ்டியா அவுகுஸ்டா சாலையின் தடமும் அந்தப் படுகையில்தான் இருக்கிறது. வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்களுக்கு அது அருமையான காட்சி, மறுக்கவில்லை. ஆனால் படகுச் சவாரிக்கு என்று பணம் வாங்கிவிட்டு அதைக் காட்டக்கூடாது.

“இயற்கைக் காரணம், நாங்கள் பொறுப்பல்ல” என்று நிறுவனம் பதில் எழுதியது. இந்தப் பதிலை ஏற்காதீர்கள். நீர்மட்டத்தை இறக்குவதும் ஏற்றுவதும் அணையை நடத்துகிறவர்கள். பல பத்தாண்டுகளாக இதே அட்டவணைதான். அந்த வட்டாரத்தில் சுற்றுலா விற்கிற எவருக்கும் இது தெரியாமல் இருக்க வழியில்லை. 2018இல் அணைப் பழுதுபார்ப்புக்காகக் கோடையிலும் நிரப்பாமல் விட்டார்கள். அப்படியொரு அசாதாரண ஆண்டென்றால் வேறு விஷயம். வழக்கமான ஆண்டில் மே மாதத்துக்குப் படகு விற்பது, இல்லாத பொருளை விற்பதுதான்.

அடுத்தது, ஃபால்கன்ஷ்டைன் கோட்டை. 1268 மீட்டர் உயரத்தில், ஜெர்மனியிலேயே மிக உயரத்தில் நிற்கும் கோட்டை இடிபாடு அது. நொய்ஷ்வான்ஷ்டைனைக் கட்டிய பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக் அங்கே இன்னொரு மாளிகை கட்டத் திட்டமிட்டார். 1886இல் அவர் இறந்தபோது மேலே போகும் பாதையும் தண்ணீர்க் குழாயும்தான் முடிந்திருந்தன. பார்க்கத் தகுந்த இடம், ஐயமில்லை. ஆனால் கீழே உள்ள ஃப்ரோன்டன் ஊர் சுமார் 850 மீட்டரில் இருக்கிறது. அப்படியானால் ஏற்றம் மட்டும் 400 மீட்டருக்கு மேல். விளம்பரத்தில் “3 கி.மீ. காட்டுப் பாதை” என்று தூரத்தை மட்டும் போட்டு ஏற்றத்தை விட்டுவிட்டார்கள். ஏமாற்று முழுவதும் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

இதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஜெர்மனியில் பாதைப் பலகைகளில் நேரம் குறிக்கப் பின்பற்றும் முறை இது: சமதளத்தில் மணிக்கு 4 கி.மீ., ஏற்றத்தில் மணிக்கு 300 மீட்டர், இறக்கத்தில் மணிக்கு 500 மீட்டர். தூரத்துக்கு ஒரு நேரம், ஏற்ற இறக்கத்துக்கு ஒரு நேரம் எனத் தனித்தனியாகக் கண்டுபிடியுங்கள். பெரியதை முழுதாகவும் சிறியதில் பாதியையும் எடுத்துக் கூட்டுங்கள். 3 கி.மீ. என்றால் 45 நிமிடம். 400 மீட்டர் ஏற்றம் என்றால் 80 நிமிடம். 80உடன் 22ஐக் கூட்டினால் 1 மணி 40 நிமிடம் வருகிறது. இது ஓய்வில்லாமல், நடந்து பழகியவர்களுக்கு. நடைப்பழக்கம் இல்லாத அறுபது வயதுக்காரருக்கு ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது முழங்காலுக்கு வரும் வேதனை இந்தக் கணக்கில் சேராது.

எனவே விற்பவரிடம் ஒவ்வொரு நாள் நடைக்கும் மூன்று விவரங்களை எழுத்தில் கேளுங்கள்: தூரம், மொத்த ஏற்றம் மீட்டரில், தரை எப்படிப்பட்டது (தார், சரளை, வேர் பரவிய மண், படிக்கட்டு). ஏற்றம் 150 மீட்டருக்குள் இருந்தால்தான் எங்கள் அளவில் அது எளிய நடை. கொடுத்த எண்ணை பவேரிய நில அளவைத் துறையின் ‘பேயர்ன் அட்லாஸ்’ இணைய வரைபடத்தில் சரிபார்க்கலாம். இலவசம், உயரக்கோடுகள் தெளிவாக இருக்கும். எண் தர மறுத்து “எல்லோரும் போகிற பாதைதான்” என்று மழுப்பினால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

உண்மையிலேயே எளிதான நடைகள் அதே வட்டாரத்தில் இருக்கின்றன, யாருக்கும் பணம் தராமலே போகலாம் என்பதுதான் ஆத்திரமூட்டுகிறது. ஹோப்ஃபன்சே ஏரியைச் சுற்றி ஏறத்தாழ 7 கி.மீ., கிட்டத்தட்ட முழுக்கச் சமதளம், இரண்டு மணி நேரம் போதும். கரையில் உள்ள ஹோப்ஃபன் ஊருக்கு மேலேயே ஒரு பழைய கோட்டையின் அடிச்சுவர்கள் உள்ளன. ஹோஹன்ஷ்வாங்கௌ ஊரிலிருந்து ஆல்ப்சே ஏரியைச் சுற்ற 5 கி.மீ. அளவு, பெரும்பாலும் காட்டு நிழல், ஆனால் சில இடங்களில் ஏற்ற இறக்கமும் படிகளும் உண்டு, தள்ளுவண்டியோடு முழுச் சுற்றுப் போக முடியாது. பக்கத்திலுள்ள ஷ்வான்சே பூங்காப் பாதை அதைவிட மென்மையானது.

இடிந்த கோட்டைதான் முக்கியம் என்றால், ஃபால்கன்ஷ்டைனை விட்டுவிட்டு ட்ஸெல் ஊருக்கு மேலே உள்ள ஐசன்பெர்க், ஹோஹன்ஃப்ரைபெர்க் இரண்டுக்கும் போங்கள். அடுத்தடுத்த இரு மேடுகளில், சில நிமிட நடைத் தொலைவில் இரட்டையாக நிற்கின்றன. ஐரோப்பாவில் நடந்த முப்பதாண்டுப் போரின் (1618–48) கடைசிக் கட்டத்தில், 1646இல், எதிரிப்படை கைப்பற்றிவிடக்கூடாது என்று சொந்தத் தரப்பினரே கொளுத்தினார்கள். எதிரிப்படை அந்த வழியாக வரவேயில்லை. ஏற்றம் இருக்கிறது, ஆனால் ஃபால்கன்ஷ்டைனில் பாதிகூட இல்லை. மூன்று இடிபாடுகளுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. எங்கள் ரசீதில் “கோட்டை நுழைவு” என்று தலைக்கு ஒரு தொகை போட்டிருந்தது.

நொய்ஷ்வான்ஷ்டைனைப் “கோட்டை இடிபாடு” பட்டியலில் சேர்த்து விற்பதையும் பார்க்கிறோம். அது இடிபாடே அல்ல. அங்கே இருந்த இரண்டு பழைய கோட்டைகளின் எச்சங்களை அகற்றிவிட்டு, 1869இல் அடிக்கல் நாட்டிக் கட்டிய மாளிகை. உள்ளே போக நேரம் குறித்த சீட்டு வேண்டும், வழிகாட்டியோடு மட்டுமே அனுமதி, நேரம் தவறினால் சீட்டு செல்லாது. கீழே ஊரிலிருந்து நடந்து ஏற 30 முதல் 40 நிமிடம் ஆகும். பேக்கேஜில் “மாளிகை வருகை” என்று மட்டும் இருந்தால் அது வெளியிலிருந்து பார்ப்பதைக் குறிக்கலாம். எங்களுக்கு அப்படித்தான் விளக்கம் சொன்னார்கள். “உள்ளே செல்லும் சீட்டு, இந்தத் தேதி, இந்த நேரம்” என்று எழுதி வாங்குங்கள். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு அங்கே நுழைவு இலவசம், இணையத்தில் பதிந்தால் சிறு பதிவுக் கட்டணம் மட்டும். பிள்ளைகளுக்கும் முழுத்தொகை கேட்டால் காரணம் கேளுங்கள்.

பேருந்தும் அப்படித்தான். ஃப்யூசெனில் இரவு தங்குகிறவர்கள் விடுதியில் ஒரு சிறு சுற்றுலா வரி கட்டுகிறார்கள். அதற்குப் பதிலாக விருந்தினர் அட்டை கிடைக்கும். அதைக் காட்டினால் வட்டாரப் பேருந்தில் இலவசமாகப் போகலாம், ஹோஹன்ஷ்வாங்கௌ போகும் 73, 78 உட்பட. “உள்ளூர்ப் போக்குவரத்து” என்று தனித்தொகை வாங்கினால், சொந்த வண்டி தருகிறார்களா, இல்லை இந்த இலவச அட்டையையே விற்கிறார்களா என்று பாருங்கள். அறைக்குள் போனதும் அந்த அட்டையை விடுதிக்காரரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். எங்களில் பலருக்கு அது கைக்கே வரவில்லை, பயண நடத்துநரிடமே இருந்தது.

பணம் கட்டும் விஷயத்தில் ஜெர்மானியச் சட்டம் வாங்குகிறவர் பக்கம் வலுவாகவே நிற்கிறது. பலருக்குத் தெரியாததால்தான் வீணாகிறது. தங்குமிடமும் வேறு சேவைகளும் சேர்த்து விற்றால் அது பேக்கேஜ் பயணம். நிறுவனம் திவாலானால் பணம் திரும்பும் என்ற காப்புச் சான்று (ஸிஹருங்ஸ்ஷைன் என்பார்கள்) கைக்கு வரும் முன் அட்வான்ஸ் வாங்கக்கூடாது. அட்வான்ஸ் பொதுவாக 20 சதவீதம் வரைதான். அதற்கு மேல் கேட்டால் தகுந்த காரணம் காட்ட வேண்டும். முழுப் பணத்தையும் முதல் நாளே வங்கி வழியாக அனுப்பச் சொல்வது அபாய அறிகுறி. வங்கிப் பரிமாற்றத்தைத் திரும்பப் பெறுவது கடினம்; கிரெடிட் கார்டு என்றால் வங்கியிடம் ஆட்சேபம் எழுப்ப வழி உண்டு.

குறை தெரிந்த அன்றே, அந்த இடத்திலிருந்தே நிறுவனத்துக்கு எழுதுங்கள். வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், “சொல்லியிருந்தால் சரிசெய்திருப்போம்” என்று தப்பிக்க இடம் கொடுக்கிறீர்கள். சட்டப்படியும் விலைக் கழிவு கேட்கும் உரிமை பலவீனமாகும். பயண நடத்துநரிடம் வாயால் சொன்னது போதாது, மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போ வேண்டும். காய்ந்த படகுத்துறை, பாதைப் பலகை, ரசீது, விளம்பரப் பக்கம் எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படமெடுங்கள். விளம்பரத்தை வாங்கிய அன்றே சேமித்துவிடுங்கள். எங்கள் புகார் போனதும் அந்தப் பக்கத்தில் “படகு, பருவத்தைப் பொறுத்து” என்று புதிதாக ஒரு வரி முளைத்தது. விலைக் கழிவு கேட்கப் பயணம் முடிந்ததிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

இந்தியாவிலுள்ள முகவரிடம் ரூபாயில் கட்டியிருந்தால் வழி வேறு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யுங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனம் எங்கே இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம்.