டிப்ளமோவுக்கு அப்புறம்: முழுநேர பி.இ.யா, அப்ரண்டிஸும் பகுதிநேர பி.இ.யுமா?

டிப்ளமோ இசிஇ (எலக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன்) முடித்ததும் எனக்கு இரண்டு வழி இருந்தது. நேரடி இரண்டாம் ஆண்டில் பி.இ. சேர்வது ஒன்று. வேலூரில் ஒரு கேபிள் டிவி கண்ட்ரோல் ரூமில் ஒரு வருடம் அப்ரண்டிஸாக, அதாவது உதவித்தொகை வாங்கிக்கொண்டு தொழில் பழகுபவனாக இருந்து, அங்கேயே வேலை பார்த்துக்கொண்டு மாலையில் பகுதிநேர பி.இ. படிப்பது இன்னொன்று. நான் இரண்டாவதில் போனேன், கூடப் படித்த நண்பன் முதலாவதில். அதனால் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள். பிரிட்டனில் வேலையும் பட்டமும் ஒன்றாகவே கிடைக்கிறது. டிகிரி அப்ரண்டிஸ்ஷிப் என்கிறார்கள். ஃபீஸ் கிடையாது, சம்பளம் உண்டு. இங்கே அதையே நான் வேலை தனி, படிப்பு தனி என்று துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டேன்.

பணக் கணக்கு எல்லாருக்கும் தெரிந்ததுதான். 2019 விதிப்படி டிப்ளமோ அப்ரண்டிஸுக்கு மாதம் குறைந்தது 8,000 ரூபாய் என்று இருந்தது. நண்பன் ஃபீஸ் கட்டினான், ஆனால் எனக்கு முன்பே பட்டம் வாங்கிவிட்டான்.

என்னைப் பொறுத்தவரை தராசைச் சாய்த்தது பழுது பார்க்கும் பழக்கம்தான். சேர்ந்த புதிதில், ஒரு மார்ச் மாதப் பகலில், ஒரே டிஷ்ஷிலிருந்து வரும் சேனல்கள் மொத்தமும் கட்டம் கட்டமாக உடைந்தன. போன் விடாமல் அடிக்கிறது. நான் ரிசீவர் கேபிளைப் பிடுங்கப் போனேன். சீனியர் அண்ணன், “கைய எடு தம்பி, வெளிய வந்து டிஷ்ஷப் பாரு” என்றார். டிஷ்ஷின் நடுவில் பொட்டு வைத்ததுபோல எல்என்பியின் நிழல் (டிஷ்ஷுக்கு முன்னால் நின்று சிக்னலை வாங்கும் பெட்டி அது). சூரியன் சாட்டிலைட்டுக்கு நேர் பின்னால் வந்து, சூரியனின் ரேடியோ இரைச்சலில் சிக்னல் முங்கியிருந்தது. மார்ச்சிலும் செப்டம்பர், அக்டோபரிலும் சில நாள், சில நிமிடம் இப்படி ஆகும். டீ குடித்து முடிப்பதற்குள் படம் திரும்பிவிட்டது. நண்பனுக்கு இது இரண்டு மார்க் கேள்வி. பதிலை என்னைவிட நன்றாக எழுதுவான்.

லோக்கல் சேனல் ஸ்டுடியோவில் இன்னொன்று. வீடியோ கேபிளின் நுனியில் போடும் பிஎன்சி கனெக்டரில் 50 ஓம், 75 ஓம் என்று இரண்டு வகை; வீடியோவுக்கு 75 ஓம்தான் சரி, ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். நொடிக்கு 270 மெகாபிட் எஸ்டி (பழைய சாதாரணத் தர வீடியோ) ஓடும்வரை குறை தெரியவில்லை. 1.485 கிகாபிட் எச்டி ஏறியதும் படத்தில் வெள்ளைப் பொரி. மூன்று நாள் கேமராவைத் திட்டினோம். கடைசியில் பார்த்தால், நானே கேபிளில் கிரிம்ப் செய்த (அழுத்திப் பொருத்திய) 50 ஓம் கனெக்டர்.

கணக்குப் பாடத்தில் நான் பின்தங்கியது உண்மை. சிக்னலை அலைவரிசைகளாகப் பிரிக்கும் ஃபூரியர் கணக்கைத் தூக்கக் கலக்கத்தில்தான் படித்தேன். சிப் டிசைன், மேல்படிப்பு என்று மனசு இருந்தால் முழுநேரம்தான் சரி. ஸ்டுடியோக்களில் வீடியோவுக்கென்றே தனிக் கேபிளில் ஓடும் எஸ்டிஐ போய், கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் ஓடும் ஐபி வருகிறது. 2110 என்ற ஐபி முறையில் ஓடும் ஸ்டுடியோவில் நான் வேலை செய்ததில்லை, அங்கே நெட்வொர்க் படித்தவன் என்னை முந்தலாம்.

பகுதிநேரம்தான் என்று முடிவெடுத்தால், சேரும் முன் ஷிஃப்ட் எழுதுபவரிடம் பேசிவிடுங்கள். எனக்கு முதல் செமஸ்டர் முழுக்க மாலை ஷிஃப்ட் விழுந்தது. காட்பாடி–பாகாயம் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கக் கற்றது அப்போதுதான்.